கை கொடுத்த மருத்துவர்

நுழையும்முன்

கை என்னும் சொல் தமிழில் ஓர் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. உதவுவதைக் கைகொடுத்தல் என்கிறோம்; புறக்கணிப்பதைக் கைவிடுதல் என்கிறோம்; தேர்ந்த திறமையைக் கைவந்த கலை என்கிறோம். தொழுநோயால் கை முடங்கியவர், இச்சொற்கள் சுட்டும் வாழ்வு முழுவதையும் இழந்தவராகவே ஒரு காலத்தில் கருதப்பட்டார். அத்தகையோரின் கைகளை அறுவை மருத்துவத்தால் சீரமைக்க இயலும் என்று உலகுக்குக் காட்டியவர் மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் வளர்ந்து, செங்கல்பட்டில் தம் வாழ்நாள் பணியைக் கண்டறிந்து, வேலூரில் அதனை வளர்த்தெடுத்த அவர்தம் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

செங்கல்பட்டின் இரு காட்சிகள்

மாமல்லபுரக் கடற்கரை, மனிதக் கைகளின் ஆற்றலுக்குச் சான்றாக நிற்பது. ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பல்லவர் காலச் சிற்பிகள் அங்கிருந்த பாறைகளைக் குடைந்தும் செதுக்கியும் கோயில்களாகவும் தேர்களாகவும் புடைப்புச் சிற்பங்களாகவும் மாற்றினர். அர்ச்சுனன் தவம் என வழங்கப்படும் பெரும்பாறைச் சிற்பத்தில், ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரியும் உருவம் ஒன்று உள்ளது. உளியைப் பிடிக்க ஒரு கையும் சுத்தியலை ஓங்க மறு கையும் இல்லையேல் இவற்றுள் ஒன்றும் உருவாகியிராது.

அக்கடற்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் செங்கல்பட்டு நகரம் உள்ளது. அதனை அடுத்த திருமணியில், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இயங்கி வந்தது. அங்கு வாழ்ந்தோர் பலருடைய விரல்கள் பறவையின் நகங்களைப்போல உள்நோக்கி வளைந்திருந்தன. சோற்றுருண்டையைத் திரட்டவும் சட்டைப் பொத்தானை மாட்டவும் எழுதுகோலைப் பிடிக்கவும் அவர்களால் இயலவில்லை. உழவரும் நெசவாளரும் தச்சரும் தத்தம் தொழிலை இழந்து, ஊராலும் உறவாலும் விலக்கப்பட்டு அங்கு வந்து சேர்ந்திருந்தனர். 1947ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையைக் காண வந்த இளம் அறுவை மருத்துவர் ஒருவரின் பார்வை, அந்த வளைந்த கைகளின்மேல் விழுந்தது. அவரே பால் பிராண்ட்.

கொல்லிமலைச் சிறுவன்

வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க இலக்கியம் போற்றும் கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் இங்கிலாந்திலிருந்து வந்து மலைவாழ் மக்களிடையே தொண்டாற்றியவர்கள். சாலை வசதியற்ற அம்மலையில் ஜெஸ்ஸி பிராண்ட் மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், கட்டடங்கள் எழுப்பினார், மக்களுக்குக் கைத்தொழில் கற்பித்தார். மகனைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, கறையான் புற்றையும் பறவைக் கூட்டையும் மரப்பட்டையையும் பொறுமையாக உற்றுநோக்கப் பழக்கினார். கேட்டறிந்ததைவிடக் கண்டறிந்ததை நம்பும் இயல்பு பிராண்டுக்குத் தந்தை அளித்த செல்வமாகும்.

ஒன்பதாம் வயதில் கல்வியின்பொருட்டு அவரும் அவருடைய தங்கையும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். கடிதங்கள் வழியாகவே பெற்றோரின் அன்பு அவர்களை வந்தடைந்தது. 1929ஆம் ஆண்டில், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையிலேயே உயிர்நீத்தார். கணவரை இழந்த பின்னும் ஈவ்லின் அம்மையார் தொண்டைக் கைவிடவில்லை. முதுமையிலும் மட்டக்குதிரை ஏறி மலையூர்களுக்குச் சென்று பணியாற்றி, 95ஆம் வயதில், 1974ஆம் ஆண்டில் மறைந்தார்.

கரணை பிடித்த கை

பிராண்ட் தொடக்கத்தில் மருத்துவம் பயில விரும்பவில்லை. மலையில் தந்தை ஆற்றிய சிகிச்சைகளின்போது கண்ட குருதியும் சீழும் அவர் மனத்தில் அருவருப்பையே விதைத்திருந்தன. தந்தையைப்போலக் கட்டடக் கலைஞராக இந்தியா திரும்ப எண்ணிய அவர், சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் பயின்றார். மரத்தின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தக் கல் எவ்வளவு சுமை தாங்கும், கருவியை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பவற்றை அவர் கைகள் அறிந்துகொண்டன.

அயல்நாட்டுப் பணிக்கு ஆயத்தமாவதற்காக அவர் ஓராண்டு அடிப்படை மருத்துவப் பயிற்சி பெற நேர்ந்தது. அப்போது ஓர் இரவில், குருதி இழந்து உயிரற்றவர்போல் வெளிறிக் கிடந்த பெண் ஒருவர், குருதி ஏற்றப்பட்டதும் மெல்லக் கன்னம் சிவந்து கண் விழித்ததை அவர் நேரில் கண்டார். அக்காட்சி அவருடைய அருவருப்பைக் கரைத்தது. இலண்டனில் உள்ள பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்து மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் இலண்டன் மாநகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, சிதைந்த உறுப்புகளுடன் வந்தோர்க்கு இரவு பகலாக அறுவை செய்து தேர்ச்சி பெற்றார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரி என்பாரை 1943ஆம் ஆண்டில் மணந்தார்.

ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அப்போது அறுவை மருத்துவ ஆசிரியர் தேவைப்பட்டார். கல்லூரியை வழிநடத்திய மருத்துவர் இராபர்ட் காக்ரேன் விடுத்த அழைப்பை ஏற்று, 1946ஆம் ஆண்டில் பிராண்ட் வேலூர் வந்தார். சிறுவனாக இந்தியாவைப் பிரிந்தவர், 23 ஆண்டுகளுக்குப் பின்னர் அறுவை மருத்துவராகத் திரும்பினார்.

செங்கல்பட்டில் எழுந்த வினா

காக்ரேன் தோல்நோய் வல்லுநர். தொழுநோய் ஆய்வில் உலகம் அறிந்தவர். வேலூர்ப் பணியோடு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையுடனும் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். சல்போன் வகை மருந்துகளைக் கொண்டு தொழுநோய்க் கிருமியைக் கட்டுப்படுத்தும் முயற்சியில் இந்தியாவின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அவருடைய அழைப்பின்பேரில்தான் பிராண்ட் 1947இல் செங்கல்பட்டுக்குச் சென்றார்.

காக்ரேன் நோயாளிகளின் தோலில் தோன்றிய மாற்றங்களை விளக்கிக்கொண்டே சென்றார். பிராண்டோ தோலைப் பார்க்கவில்லை; கைகளையே பார்த்தார். இவ்விரல்கள் ஏன் வளைந்தன, இவற்றைச் சீர்செய்ய எவரேனும் முயன்றனரா என வினவினார். எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்கள் தொழுநோயாளியின் கையை ஆராயவே முன்வரவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடை. போரிலும் விபத்திலும் சிதைந்த கைகளுக்காக அறுவை மருத்துவ உலகம் எத்தனையோ நுட்பங்களைக் கண்டிருந்தது. இலட்சக்கணக்கானோரின் கைகளை முடக்கிய ஒரு நோயோ ஆராய்வாரின்றிக் கிடந்தது.

அன்று நிகழ்ந்த மற்றொரு செய்தி அவருடைய வாழ்வைத் திசைதிருப்பியது. விரல்கள் மடங்கிய நோயாளி ஒருவரிடம் தம் கையை நீட்டி, இயன்றவரை அழுத்திப் பிடிக்குமாறு அவர் வேண்டினார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவர்க்கு, வலியால் துடிக்கும் அளவுக்கு இறுகிய பிடி கிடைத்தது. அந்நோயாளிக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. வலியினூடே பிராண்டின் உள்ளத்தில் ஓர் ஒளி தோன்றியது. பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட அக்கையில் வலிமை மிக்க தசைகள் உயிரோடு இருந்தன. சில தசைகள் செயலிழந்திருக்க, வேறு சில முழு ஆற்றலுடன் விளங்கின. அங்ஙனமாயின், ஆற்றல் உள்ள தசையைக் கொண்டு ஆற்றல் இழந்த தசையின் வேலையைச் செய்விக்கலாம் அன்றோ? இவ்வினாவே ஒரு புதிய மருத்துவத் துறைக்கு வித்தானது.

நோயின் வழி அறிதல்

விடை காண்பதற்கு முன்னர், நோய் கையை எவ்வாறு முடக்குகிறது என்பதை அறிய வேண்டியிருந்தது. தொழுநோயாளியின் தசையே அழுகுந்தன்மை உடையது, அதனால்தான் விரல்கள் உதிர்கின்றன, அதில் அறுவை செய்தால் புண் ஆறாது என்னும் நம்பிக்கை மருத்துவர்களிடையேயும் நிலவியது. பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். எந்த விரல் எவ்வளவு அசைகிறது, எந்த இடத்தில் உணர்ச்சி உள்ளது, எந்தத் தசை செயல்படுகிறது என அளந்து பதிவு செய்தனர்.

அப்பதிவுகளில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. முழங்கைக்கு அருகில் முன்கையின் மேற்பகுதியில் உள்ள தசைகள் பெரும்பாலும் நலமாகவே இருந்தன. உள்ளங்கையில் அமைந்த சிறு தசைகளே செயலிழந்திருந்தன. இறந்தோர் உடலை அறுத்து ஆராய்ந்தபோது அதன் காரணமும் தெரிந்தது. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் அருகே, தோலுக்கு மிக அண்மையில் செல்லும் இடங்களில் மட்டும் நரம்புகள் வீங்கியிருந்தன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ச்சியான பகுதிகளில் பெருகும் இயல்புடையது. எனவே மேற்பரப்பை ஒட்டிய நரம்புப் பகுதிகளே அதற்கு இரையாயின. அவ்விடத்துக்கு மேலே கிளைபிரியும் நரம்பால் இயங்கும் தசைகள் தப்பின. கீழே கிளைபிரிவனவற்றால் இயங்குபவை முடங்கின.

இதன் பயன் பெரிது. எந்தத் தசை நோயால் கெடும், எந்தத் தசை கெடாது என்பதை முன்கூட்டியே அறிய முடிந்தது. கெடாத தசையைத் துணிந்து இடமாற்றலாம். அது பின்னாளில் செயலிழந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

தசைநாண் மாற்று அறுவை

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் உள்ளன. அவை நீண்ட தசைநாண்கள் வழியாக விரல் எலும்புகளை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரர் மேலிருந்து கயிற்றை இழுக்கக் கீழே பொம்மையின் கை அசைவதை இதற்கு ஒப்பிடலாம். உள்ளங்கையில் உள்ள சிறு தசைகளோ விரலின் அடிக்கணுவை மடக்கி, நுனிக்கணுக்களை நீட்டுகின்றன. நெல்மணியைப் பொறுக்கவும் பூத்தொடுக்கவும் எழுதவும் துணைநிற்பவை இவையே. இச்சிறு தசைகள் செயலிழந்தால், பெரிய தசைகளின் இழுப்பைச் சமன்செய்வாரின்றி விரல்நுனிகள் உள்நோக்கி வளைந்துவிடுகின்றன.

கட்டைவிரல் நீங்கலான ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நீண்ட தசைநாண்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று விரலை மடக்கிவிடும். அமெரிக்கக் கை அறுவை வல்லுநர் ஸ்டெர்லிங் பன்னெல் முதலியோர் வேறு காயங்களுக்கு இவ்வுண்மையைப் பயன்படுத்தியிருந்தனர். பிராண்ட் அதனைத் தொழுநோய்க் கைக்குப் பொருத்தினார். ஒரு தசைநாணை அது பற்றியிருந்த இடத்திலிருந்து விடுவித்து, கிழித்துப் பிரித்து, உள்ளங்கையினூடே புதுவழியில் செலுத்தி, விரலின் பக்கவாட்டில் நீட்டுதசைநாணோடு தைத்தார். முன்பு விரலை மடக்கிய தசை, இப்போது முடங்கிய சிறு தசையின் வேலையை ஏற்றது. பின்னர், மணிக்கட்டை இயக்கும் தசையோடு வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணை இணைத்து, நான்கு கிளைகளாகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் செலுத்தும் முறையையும் உருவாக்கினார். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு நிற்பதற்கும் தனியே தசைநாண் மாற்றினார்.

இங்கு அவருடைய பழைய தச்சுத்தொழில் கைகொடுத்தது. தசைநாணைச் சற்று இறுக்கித் தைத்தால் விரல் மடங்காது. சற்றுத் தளர்த்தித் தைத்தால் விரல் நிமிராது. வீணையின் நரம்பை முறுக்கும் கலைஞர் சுருதியை உணர்வதுபோல, சரியான இழுவிசையைக் கை உணர வேண்டும்.

அறுவை முடிந்ததும் பணி முடிந்துவிடவில்லை. சில வாரங்கள் மாவுக்கட்டில் இருந்த கை வெளிவந்த பின்னர், மூளைக்கும் புதுப்பாடம் கற்பிக்க வேண்டியிருந்தது. ஒரு வேலைக்குப் பழகிய தசை வேறொரு வேலை செய்வதை நோயாளி நாள்தோறும் பயின்றார். உடலியக்கப் பயிற்சியாளர்கள் அருகிருந்து வழிகாட்டினர். வேலூரில் முதன்முதலாக இவ்வறுவைக்கு உடன்பட்டவர், கல்வியறிவு பெற்றிருந்தும் நோயால் அனைத்தையும் இழந்து வீதிக்கு வந்த ஓர் இளைஞர். அவருடைய புண்கள் மற்றவர்க்கு ஆறுவதுபோலவே ஆறின. தொழுநோயாளியின் தசை ஆறாத தசை என்னும் நம்பிக்கை அன்றே பொய்த்தது. தம் விரல்களால் தாமே சோறெடுத்து உண்ணும் நிலையை அவர் மீண்டும் அடைந்தார்.

பழுதுற்றதை எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதினும், உடலில் நலமாக எஞ்சியிருப்பதைக் கொண்டே உடலைச் சீரமைப்பது இம்முறையின் அடிப்படை. அறுவை மருத்துவத்தின் பிற துறைகளிலும் இச்சிந்தனை வேரூன்றியுள்ளது. இதயத்தின் பெருந்தமனி வால்வு சரிவர மூடாமல் குருதி பின்னோக்கிக் கசியும்போது, தக்க நோயாளிகளுக்குச் செயற்கை வால்வு பொருத்தாமல், அவர்களுடைய வால்வின் இதழ்களையே மடித்துத் தைத்தும், இதயத்தைச் சூழ்ந்த உறையிலிருந்து சிறுதுண்டு எடுத்து ஒட்டியும் சீர்செய்யும் முறை இன்று வழக்கில் உள்ளது. அங்கும் எஞ்சியிருப்பது எவ்வளவு, அது எவ்வளவு இழுவிசை தாங்கும் என்பதை அளப்பதே மருத்துவரின் முதற்கடமை.

கை சீரானது, வாழ்வு சீரானதா?

அறுவையில் வெற்றி கண்ட பிராண்டுக்கு எதிர்பாராத தோல்வி ஒன்று காத்திருந்தது. நேரான விரல்களுடன் மகிழ்ந்து சென்றோருள் சிலர் வருத்தத்துடன் திரும்பி வந்தனர். முன்பு வளைந்த கையைக் கண்டு இரங்கியோர் காசு இட்டனர். இப்போது சீரான கையைக் கண்டு எவரும் இடவில்லை. நோயாளி என்று அறிந்ததால் வேலை கொடுப்பாரும் இல்லை. குடியிருக்க இடம் தருவாரும் இல்லை. கையைச் சீராக்கிய மருத்துவம் அவர்களுடைய பிழைப்பைப் பறித்துவிட்டதுபோல் ஆயிற்று.

இத்தோல்வி பிராண்டைச் சிந்திக்க வைத்தது. ஒருவருக்குக் கையைத் திருப்பித் தருவது மட்டும் மருத்துவமாகாது. அக்கையால் செய்வதற்கு ஒரு தொழிலையும், அத்தொழிலால் வாழ்வதற்கு ஓர் இடத்தையும் தருவதே முழுமையான மருத்துவம் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். கல்லூரி வளாகத்தை ஒட்டி மண்சுவர்க் குடிசைகளால் ஆன சிற்றூர் ஒன்று எழுந்தது. அதற்கு நவஜீவ நிலையம் எனப் பெயரிடப்பட்டது. புதுவாழ்வு இல்லம் என்பது அதன் பொருள். அங்குத் தச்சுக்கூடம் அமைத்து, மரப்பொம்மைகள் முதலியன செய்ய நோயாளிகளுக்குப் பிராண்டே பயிற்சி அளித்தார். மருத்துவராகும் முன் கற்ற தொழில் வீண் என்று ஒரு காலத்தில் எண்ணியவர், அதன் பயனை அங்கு முழுமையாக உணர்ந்தார்.

கையோடு முகத்தையும் சீரமைக்க வேண்டியிருந்தது. புருவமுடி உதிர்வதும் மூக்கு அமிழ்வதும் நோயை ஊரறியக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களாக இருந்தன. தலைமுடியுடன் கூடிய தோலைப் புருவத்துக்கு மாற்றியும், அமிழ்ந்த மூக்கை உள்ளிருந்து உயர்த்தியும் அவ்வடையாளங்களை நீக்கினர். நோய் தீர்ந்தவர் ஊர் திரும்பி, கூட்டத்தில் ஒருவராய்க் கலந்து நடக்க இச்சிகிச்சைகள் துணைநின்றன.

வலி என்னும் காவல்

நவஜீவ நிலையத்தில் தொழில் பயின்றோரின் கைகளில் நாள்தோறும் புதுப்புதுக் காயங்கள் தோன்றின. அதன் காரணத்தை ஒரு சிறு நிகழ்ச்சி விளக்கியது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க இயலவில்லை. மெலிந்த சிறுவன் ஒருவன் முன்வந்து, சாவியை ஒரே திருப்பில் திருப்பித் திறந்துவிட்டான். தரையில் குருதி சொட்டுவதைக் கண்ட பிராண்ட் அவன் விரலைப் பார்த்தார். சாவியின் விளிம்பு எலும்பு தெரியும் அளவுக்குத் தசையை அறுத்திருந்தது. சிறுவனோ அதனை அறியவே இல்லை. நலமுள்ளோர் ஒரு செயலை வலி தோன்றும் எல்லையோடு நிறுத்திக்கொள்கின்றனர். வலியை இழந்தோர்க்கு அவ்வெல்லை தெரிவதில்லை.

விரல்கள் இரவோடிரவாகக் குறைந்துபோன வியப்பும் இவ்வாறே தெளிவாயிற்று. இரவில் விழித்திருந்து கண்காணித்தபோது, உறங்குவோரின் உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுத்தனுப்பப்பட்டன. எளிய தீர்வாயினும் பல விரல்களை அது காத்தது. விரல்கள் நோயால் உதிர்வதில்லை. உணரப்படாத காயங்களாலும் அவற்றில் தொற்றும் பிற கிருமிகளாலுமே தேய்கின்றன என்பது நிலைநாட்டப்பட்டது.

கால்களின் நிலையும் அதுவே. ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுந்து உள்ளங்காலில் புண் உண்டாவதைக் கண்ட பிராண்ட், அழுத்தத்தைப் பரவலாக்கும் மென்மையான நுண்ணறை இரப்பர்க் காலணிகளை உருவாக்கச் செய்தார். கருவிகளின் கைப்பிடிகள் தடிமனாக்கப்பட்டன. சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தொடக்கூடாது, ஒவ்வொரு மாலையும் கைகால்களைத் தாமே உற்றுப்பார்க்க வேண்டும் என நோயாளிகளுக்குக் கற்பிக்கப்பட்டது. வலி செய்த காவலைக் கண்கள் ஏற்றன.

பிராண்ட் தாமே வலியின் அருமையை உணர்ந்த இரவும் ஒன்றுண்டு. நெடும்பயணம் முடித்து இலண்டனில் தங்கியபோது, தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாததை அவர் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தும் வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று எண்ணி, குடும்பத்தைப் பிரிந்து வாழும் எதிர்காலத்தை நினைந்து இரவு முழுவதும் உறங்காதிருந்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார், வலித்தது. இரயிலில் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்ததால் நரம்பு மரத்திருந்ததே அதன் காரணம். அன்றுமுதல் வலியை உடலின் பகையாகக் கருதாமல் காவலனாகவே அவர் போற்றினார். தம் நோயாளிகள் நாள்தோறும் சுமக்கும் அச்சத்தை ஓர் இரவேனும் தாமும் சுமந்தறிந்தார்.

உடன் உழைத்தோர்

இப்பணி ஒருவரால் மட்டும் நிகழ்ந்ததன்று. மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவராகத் தேர்ந்து, தொழுநோயால் பார்வை இழப்போரைக் காக்கும் பணியை மேற்கொண்டார். இமை மூடாமையால் கண் உலர்ந்து பார்வை கெடுவோர்க்கு, மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமைக்கு மாற்றும் அறுவை செய்யப்பட்டது. வாயை மெல்லும்போதெல்லாம் அவர்களுடைய இமைகள் மூடிக் கண்களைக் காத்தன.

வேலூரில் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர், 1954ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். மருத்துவ வாழ்வு முடிந்ததென்று எண்ணியிருந்த அவரை, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே கை அறுவை செய்யுமாறு பிராண்ட் ஊக்கினார். முடங்கிய கைகளை அவர் சீரமைக்கக் கண்ட நோயாளிகள் பெற்ற நம்பிக்கைக்கு அளவில்லை. பின்னாளில் அவர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துறை வளரப் பெரும்பங்காற்றிப் பத்மஸ்ரீ விருது பெற்றார். வேலூரை அடுத்த கரிகிரியில் உருவான ஷிஃப்லின் தொழுநோய் ஆய்வு நிலையம், பல நாட்டு மருத்துவர்களும் வந்து இவ்வறுவை முறையைக் கற்கும் இடமாயிற்று.

உலகம் அறிந்த பணி

1952ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டேரியன் பேராசிரியர் என்னும் சிறப்பு பிராண்டுக்குக் கிடைத்தது. 1960இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவின் தலைவரானார். இருபது ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார்.

நீரிழிவு நோயாளிகளின் கால்களிலும் நரம்பு மரத்து, உணரப்படாத புண்கள் தோன்றுவதை அவர் அங்கு ஆராய்ந்தார். தமிழ்நாட்டில் வெறுங்காலுடன் நடந்த தொழுநோயாளிகளிடம் கற்ற பாடம், நீரிழிவால் கால் இழக்க நேர்ந்தோர் பலரைக் காக்கப் பயன்பட்டது. காலை நாள்தோறும் உற்றுப்பாருங்கள், பொருத்தமான மென்காலணி அணியுங்கள் என்று இன்று நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர் கூறும் அறிவுரைக்குப் பின்னால் பிராண்டின் உழைப்பும் உள்ளது. 1986இல் ஓய்வு பெற்றுச் சியாட்டில் நகரில் வாழ்ந்த அவர், 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், தம் 88ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

தெரிந்து தெளிவோம்

தொழுநோய் ஒரு கிருமியால் உண்டாகிறது என்பதை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். அது பாவத்தின் பயனோ பரம்பரை நோயோ அன்று. மனிதருள் மிகப் பெரும்பாலோர்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. உணர்ச்சியற்ற தேமல் தோன்றிய உடனே சிகிச்சை பெற்றால் கை கால் முடங்குவதைத் தவிர்க்கலாம்.

கைவிடாத கை

பிராண்ட் காலடி வைத்த திருமணி மருத்துவமனையை 1955ஆம் ஆண்டில் இந்திய அரசு ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்த்தது. கிருமியைக் கொல்ல இன்று மருந்து உண்டு. வளைந்த விரலை நிமிர்த்த அறுவை உண்டு. நோய் தீர்ந்தவரை அருகில் அமர்த்தி உணவு பரிமாறவும், அவர் செய்த பொருளைத் தயங்காமல் வாங்கவும், அவர் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. அது மக்கள் கையில் உள்ளது. செங்கல்பட்டில் எவரும் தொடத் தயங்கிய ஒரு கையைப் பற்றியதால்தான், அதில் எஞ்சியிருந்த வலிமையைப் பிராண்டால் அறிய முடிந்தது. அறுவைக் கத்தியை எடுப்பதற்கு முன்னரே அவர் செய்த முதல் மருத்துவம் அதுவே.